இறால் ஏன் ரப்பர் ஆகுது? கல்லுல செவக்க விட்டு எடுக்குற காரசார இறால், மொதல்ல இருந்து

வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்கே எட்டு மணி ஆயிடுது, அதுக்கப்புறம் சிக்கனை ஊற வச்சு, வெங்காயம் தக்காளி வதக்கி, குக்கர்ல விசில் விட்டுன்னு ஆரம்பிச்சா சாப்பிட உக்காரும்போது பத்து மணி. அந்த மாதிரி நாளுக்கு இறால் மாதிரி ஒரு பொருள் இல்ல. சூடான கல்லுல போட்டா ரெண்டரை நிமிஷம், மிஞ்சிப்போனா மூணு நிமிஷம், அவ்ளோதான் அது வேகுற நேரம். நெத்திலியை விட்டா இவ்ளோ சீக்கிரம் வேகுற கவுச்சி நம்ம சமையல்கட்டுல வேற எதுன்னு எனக்குத் தெரியல.

ஆனா நெறைய வீட்ல இறால்னா என்ன ஆகுதுன்னா, வாணலியில போட்டு பத்து பன்னெண்டு நிமிஷம் பெரட்டி, எறக்கும்போது பாதி சைசுக்கு சுருங்கி, பட்டன் மாதிரி உருண்டு, மெல்ல மெல்ல பல்லுல இழுபடுது. நானும் பல வருஷம் அப்படித்தான் செஞ்சேன். மொதல் தடவை அரைக்கிலோ இறாலை மொத்தமா ஒரு சின்ன நான்ஸ்டிக் வாணலியில கொட்டினேன், ஒரு நிமிஷத்துல பால் கலந்த மாதிரி வெள்ளையா தண்ணி கிளம்பிச்சு, அம்மாவுக்கு போன் போட்டேன், "இறால் தண்ணி விடும்டா, அந்தத் தண்ணியிலயே வெந்து வத்தட்டும்"னாங்க. வத்த விட்டேன். வத்துறதுக்கு பத்து நிமிஷம் ஆச்சு, அதுக்குள்ள இறால் போயிடுச்சு.

அம்மா சொன்னது தப்பில்ல, அது தொக்குக்கான வழி. தொக்குல அந்தத் தண்ணி தக்காளி வெங்காயத்தோட சேர்ந்து மசாலாவாத்தானே ஆகுது, அதுல இறாலோட ருசி இறங்கணும், அதனால அங்க தண்ணி விடுறது நல்லது. கல்லுல போட்டு மேல செவந்து உள்ள சாறோட இருக்கணும்னு நெனச்சா அதே தண்ணிதான் நம்மளைக் கெடுக்குது. இந்தக் கட்டுரையில நான் சொல்லப்போறது முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான், இறாலைத் தொடைக்கிறது, உப்பு எப்போ போடுறது, எத்தனை இறால் ஒரு ஈடுக்கு, மசாலா எப்போ சேர்க்கிறது எல்லாமே அந்தத் தண்ணியைச் சுத்தித்தான் வரும்.

இங்கிலீஷ்ல சியர் பண்றதுன்னு சொல்றாங்க, சமையல் வீடியோல நெறைய கேட்டிருப்பீங்க. நம்ம பாஷையில அது ஒண்ணும் புதுசு இல்ல, "நல்லா செவக்க விட்டு எடு"ன்னு சொல்றோமே, அதேதான், ஆனா ரொம்ப சூட்டுல, ரொம்ப கொஞ்ச நேரத்துல. மேல ஒரு மெல்லிசான பொன்னிற, பழுப்பு நிற படலம் வரணும், உள்ள இருக்குற சதை அப்போதான் வெந்து முடிஞ்சிருக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும், அதான் இதுல இருக்குற வேலையே.

அந்தப் பழுப்பு எங்கிருந்து வருது? இறால்ல இருக்குற புரதமும் கொஞ்சூண்டு சர்க்கரையும் நல்ல சூட்டுல ஒண்ணோட ஒண்ணு வினைபுரிஞ்சு புதுசா நூத்துக்கணக்கான மணப்பொருளை உண்டாக்குது. லூயி கமீல் மய்யார்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி 1912ல இதைப் பத்தி எழுதினதால மய்யார் வினைன்னு பேரு. தோசை முறுகுறது, காப்பிக்கொட்டை வறுபடுறது, ரொட்டி மேல்பக்கம் செவக்குறது எல்லாத்துலயும் இந்த வேலை நடக்குது. இது சுறுசுறுப்பா நடக்க சுமார் 140 டிகிரி சூடு வேணும். தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்? 100. கல்லுல தண்ணி நிக்குற வரைக்கும் இறாலோட மேல்பக்கம் அந்த 100ஐத் தாண்டாது, நீங்க அடுப்பை எவ்ளோ எரிய விட்டாலும் சரி. அதாவது தண்ணிக்குள்ள கெடக்குற இறால் அவியும், செவக்காது.

சரி, தண்ணி சீக்கிரம் ஆவியாயிடுமேன்னு தோணும். ஆகாது, இதுல ஒரு கணக்கு இருக்கு, இது புரிஞ்சப்புறம்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. 1 கிராம் தண்ணியை 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்கு கொண்டுவர கிட்டத்தட்ட 294 ஜூல் சக்தி போதும். ஆனா அந்தக் கொதிக்கிற 1 கிராமை ஆவியா மாத்துறதுக்கு இன்னும் 2260 ஜூல் வேணும், ஏழு மடங்குக்கு மேல. இப்போ வாணலியில 50 கிராம் தண்ணி நிக்குதுன்னு வச்சுக்கங்க, ஒரு சின்ன டீ கிளாஸ்ல பாதி. அதை ஆவியாக்க மட்டும் 1,13,000 ஜூல் ஆகும். வீட்ல இருக்குற 2000 வாட் இண்டக்‌ஷன் ஸ்டவ்வை ஃபுல்லா வச்சு, ஒரு சொட்டு சூடு கூட வீணாகாம அப்படியே தண்ணிக்கே போனாலும் 56 செகண்ட் ஆகும், நெசத்துல சூடு நாலா பக்கமும் போறதால அதுக்கு மேலயே ஆகும். இறால் மொத்தமா வேகுறதே ரெண்டரை நிமிஷம்தானே, அதுல ஒரு நிமிஷத்துக்கு மேல தண்ணியை ஓட்டுறதுக்கே போயிட்டா செவக்குறதுக்கு நேரம் எங்க இருக்கு? அது மட்டுமில்ல, அந்த நேரத்துல இறால் உள்ள வெந்துகிட்டே இருக்கு, வேக வேக இன்னும் தண்ணி விட்டுகிட்டே இருக்கு.

அது ஏன் விடுதுன்னா, இறால் சதையில முக்கால் பங்குக்கு மேல தண்ணிதான், புரத இழைங்க அதைப் பிடிச்சு வச்சிருக்கு. சூடு ஏற ஏற அந்த இழைங்க சுருங்கும். உள்பக்கம் 60 டிகிரிகிட்ட வந்துட்டா வெந்துடுச்சுன்னு அர்த்தம் (அமெரிக்காவுல கடல் உணவுக்கு பாதுகாப்பான அளவா 63 டிகிரி சொல்றாங்க), அதைத் தாண்டி 70, 80ன்னு போகப் போக ஈரத்துணியை முறுக்கிப் பிழியுற மாதிரி சதை தன்கிட்ட இருக்குற தண்ணியை வெளிய தள்ளிடும். தண்ணி போன சதைதான் நாம சொல்ற ரப்பர். மட்டன்ல சவ்வு ஜாஸ்தி, ரொம்ப நேரம் வெந்தா அது கரைஞ்சு மறுபடி மெத்துன்னு ஆகும், இறாலுக்கு அந்த வாய்ப்பு இல்ல, அதனால இன்னும் கொஞ்சம் வேகட்டும் சாஃப்ட் ஆகும்னு நெனச்சு விட்டா எதிர்மாறாத்தான் நடக்கும்.

இப்போ கடையில இருந்து ஆரம்பிக்கலாம். சென்னையில காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை, வானகரம்னு எங்க போனாலும் இன்னைக்கு நெறைய கெடைக்கிறது பண்ணையில வளர்ற வனாமி இறால்தான். இது நம்ம ஊர் இனமே இல்ல, அமெரிக்கக் கண்டத்தோட பசிபிக் கரையைச் சேர்ந்தது, 2009ல இருந்துதான் இந்தியாவுல வளர்க்க அனுமதி. கடல் இறாலுக்கு ருசி தனிதான், பழவேற்காட்டுப் பக்கத்து இறால் கெடைச்சா நான் விடவே மாட்டேன், ஆனா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில 61 நாள் மீன்பிடி தடை இருக்கும், அந்த நேரத்துல வனாமிதான் கை குடுக்கும். கல்லுல போட்டு எடுக்குறதுக்கு வனாமி நல்லாவே இருக்கும், அதைத் தாழ்வா பேச வேண்டியதில்ல.

சைஸ் முக்கியம். வியாபாரத்துல கவுன்ட்டுன்னு சொல்வாங்க, ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிக்குதுன்னு கணக்கு, நம்பர் கூடக் கூட இறால் சின்னது. 100 கவுன்ட் பொடி இறால் தொக்குக்கும் வடைக்கும் சரி, கல்லுக்கு வேணாம், மேல செவக்குறதுக்குள்ள உள்ள வெந்து தாண்டிடும். 30ல இருந்து 50 கவுன்ட் வரைக்கும் இருக்குற இறால் எனக்கு ரொம்ப சரியா வருது. "கல்லுல வறுக்கணும்க்கா, நடுத்தரமா குடுங்க"ன்னு மீன்கார அக்காகிட்ட சொன்னா அவங்களே பொறுக்கிப் போடுவாங்க. தலை ஒடம்போட இறுக்கமா ஒட்டியிருக்கணும், ஓடு பளபளன்னு இருக்கணும், கடல் வாசம் வரலாம், மூக்கைத் துளைக்கிற அமோனியா நெடி வந்தா வாங்காதீங்க. தலை, ஓடு எல்லாம் போனா ஒரு கிலோவுக்கு அரைக்கிலோ சொச்சம்தான் நிக்கும், அதனால ரெண்டு பேருக்கு முழு இறாலா அரைக்கிலோ வாங்கினா சுத்தம் பண்ணி சுமார் 250, 300 கிராம் வரும், போதும். முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நூல் மாதிரி இருக்குற குடலை எடுக்கச் சொல்லுங்க, அந்தக் கீறலே பின்னாடி நமக்கு உதவியா இருக்கும், அதுக்கு வர்றேன்.

ஃப்ரோசன் பாக்கெட்டும் தாராளமா வாங்கலாம், வார நாள்ல எனக்கு அதுதான் வசதி. ஆனா அதுல ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, இறால் மேல ஐஸ் பூச்சு இருக்கும், அது அத்தனையும் தண்ணி. இன்னொண்ணு, பாக்கெட் பின்னாடி 451ங்கிற எண் போட்டிருந்தா பாஸ்பேட் சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம், அது சதையில தண்ணியைப் பிடிச்சு வைக்கும், எடையும் கூடும், கல்லுல போட்டதும் அந்தத் தண்ணி வெளிய வரும். இறாலும் உப்பும் தவிர வேற எதுவும் போடாத பாக்கெட்டா தேடி எடுங்க. ராத்திரிக்கு வேணும்னா காலையில ஃப்ரீசர்ல இருந்து எடுத்து கீழ் தட்டுல வச்சுட்டு போயிடுங்க. மறந்துட்டா, கவரோட கட்டி பச்சத்தண்ணியில முக்கி வச்சா இருபது நிமிஷத்துல இளகிடும். சுடுதண்ணி ஊத்தாதீங்க, ஓரம் வெந்து நடு கல்லா நிக்கும்.

அடுத்து தொடைக்கிறது. இதைத்தான் எல்லாரும் விட்டுடுறோம். கழுவுனதும் வடிகட்டியில அஞ்சு நிமிஷம் வச்சு, அப்புறம் ஒரு சுத்தமான பருத்தித் துணியை விரிச்சு இறாலைப் பரப்பி, மேல இன்னொரு மடிப்பைப் போட்டு உள்ளங்கையால மெதுவா அழுத்துங்க. துணி நனையும். துணியை எடம் மாத்தி இன்னொரு தடவை. விரலால தொட்டா வழுக்காம லேசா ஒட்டுற மாதிரி இருந்தா சரி. இதுக்கு ஒரு நிமிஷம் ஆகும், ஆனா அடுப்புல நீங்க ஓட்ட வேண்டிய தண்ணியில பெரும்பாகம் இங்கயே போயிடுது, கேஸே இல்லாம.

உப்பு எப்போ போடுறதுங்கிறதுலயும் இதே கதைதான். உப்பு பட்டா உள்ள இருக்குற தண்ணி மேல வரும், வெள்ளரிக்காய்ல உப்பு தடவி வச்சா எப்படி தண்ணி பூக்குது, அதே மாதிரி. அதனால உப்பு போட்டுட்டு அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு கல்லுல போடுறது ரொம்ப மோசமான நேரம், ஈரம் மேல வந்து நிக்கும். ஒண்ணு, கல்லுல போடுறதுக்கு சரியா முன்னாடி போடுங்க. இல்லன்னா அரைமணி நேரம் முன்னாடி போட்டு ஃப்ரிட்ஜ்ல மூடாம வச்சுட்டு, மறுபடி ஒரு தடவை துணியால ஒத்தி எடுங்க, இதுல உப்பு உள்ளயும் எறங்கியிருக்கும், சதையும் கொஞ்சம் கட்டியா நிக்கும். நேரம் இருந்தா நான் ரெண்டாவதைத்தான் செய்வேன், கால் ஸ்பூன் சோடா உப்பையும் உப்போட கலந்து தடவுவேன், சோடா உப்போட காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு எதிர்மாறான தன்மை) கூடினா சதை தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், கடிச்சா நறுக்குன்னு இருக்கும், செவக்குறதும் வேகமா நடக்கும். 300 கிராமுக்கு கால் டீஸ்பூனுக்கு மேல வேணாம், சோப்பு மாதிரி ருசி வந்துடும்.

அப்போ மசாலா? இங்கதான் நம்ம பழக்கத்துல இருந்து கொஞ்சம் விலகணும். இறால்னா இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சை, சில பேர் தயிர் கூட போட்டு பெசறி ஊற வைப்போம். விழுதுல தண்ணி இருக்கு, தயிர்ல தண்ணி இருக்கு, எலுமிச்சை சாறும் தண்ணி, அதோட புளிப்பு நெருப்பே இல்லாம சதையை இறுக ஆரம்பிச்சிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மிளகாய்த்தூள் பொடி, புகைய வர்ற கல்லுல ரெண்டு நிமிஷம் தாங்காது, கருகி கசக்கும், அந்த நெடி வீடு முழுக்கப் பரவி எல்லாரும் இருமணும். அதனால கல்லுல போடும்போது இறால் மேல உப்பும் மஞ்சளும் மட்டும் இருக்கட்டும், வேணும்னா ஒரு ஸ்பூன் அரிசி மாவு தூவிக்கலாம், மிச்ச ஈரத்தை அது குடிச்சுக்கும், மொறுமொறுப்பும் குடுக்கும். காரம் எல்லாம் பின்னாடி, எண்ணெயில. மிளகாயோட காரமும் அந்தச் செவப்பு நெறமும் தண்ணியில சரியா கரையாது, எண்ணெயில நல்லா கரையும், அதனால கடைசியில எண்ணெயில போட்டு பெரட்டினா ஊற வச்சதை விட இறால் மேல சமமா படியும், மணமும் தூக்கும்.

கல்லு எதுன்னு கேட்டா, எங்க வீட்ல மீனுக்குன்னு தனியா ஒரு இரும்புக் கல்லு இருக்கு, நெறைய வீட்ல இருக்கும், அதுதான் இதுக்கு ரொம்பப் பொருத்தம். கனமான இரும்பு சூட்டை நெறைய சேர்த்து வச்சுக்கும், ஜில்லுன்னு இருக்குற இறாலைப் போட்டாலும் சட்டுன்னு ஆறாது. வார்ப்பு இரும்பு தவா, கனமான ஸ்டீல் பேன் எல்லாம் ஓகே. நான்ஸ்டிக்கை வெறுமனே ஃபுல் தீயில காய விடக்கூடாது, 260 டிகிரி தாண்டினா அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும், அது மட்டும்தான் வீட்ல இருக்குன்னா எண்ணெய் ஊத்தி மிதமான சூட்டுல செய்யுங்க, அவ்ளோ செவக்காது, ஆனா ரப்பர் ஆகாம எடுத்துடலாம்.

சூடு போதுமான்னு பாக்குறதுக்கு தெர்மாமீட்டர் எதுவும் வேணாம், தோசைக்கு என்ன செய்வோமோ அதேதான், கையை நனைச்சு ரெண்டு சொட்டு தெளிங்க. அப்படியே கெடந்து மெதுவா கொதிச்சுதுன்னா கல்லு காயல. சுர்ருன்னு உடனே காணாம போச்சுன்னா தோசைக்கு சரி, இறாலுக்கு இன்னும் கொஞ்சம் வேணும். சொட்டு முத்து மாதிரி உருண்டு கல்லு மேல ஓடுதா, அதுதான் நேரம். கல்லு அவ்ளோ சூடா இருக்குறப்போ சொட்டுக்கு அடியில ஆவி ஒரு மெத்தை மாதிரி நின்னு தண்ணியைத் தூக்கிப் பிடிச்சுக்குது, அதனாலதான் உருளுது. 1756லயே லைடன்ஃப்ராஸ்ட்ங்கிற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதி வச்சிருக்கார், கல்லு கிட்டத்தட்ட 200 டிகிரிக்கு வந்தாத்தான் இது நடக்கும்.

தண்ணி ஓடி மறைஞ்சு கல்லு நல்லா காஞ்சிருக்கணும், அப்புறம் ஒன்றரை டேபிள்ஸ்பூன் கடலெண்ணெய். ரீஃபைண்ட் கடலெண்ணெய் நல்ல சூட்டைத் தாங்கும், நெய்யும் தாங்கும். வெண்ணெய் ஆசைப்பட்டா கடைசியில சேர்த்துக்கங்க, ஆரம்பத்துலயே போட்டா அதுல இருக்குற பால் திடப்பொருள் கருகிடும். எண்ணெய் அலை அலையா மின்னும், ஒரு இழை புகை எழும்பும், அப்போ இறாலை ஒவ்வொண்ணா படுக்க வைங்க, கொட்டாதீங்க. ஒண்ணுக்கொண்ணு நடுவுல ஒரு விரல் எடம். 300 கிராம் இறாலுக்கு ஒரு பெரிய கல்லுலயே ரெண்டு ஈடு ஆகும். எல்லாத்தையும் ஒரே தடவையில போட்டா வேலை சீக்கிரம் முடியும்னு தோணும், ஆனா அவ்ளோ ஜில்லுன்னு இருக்குற சதை ஒரே நேரத்துல விழுந்தா கல்லு ஆறிடும், எல்லாம் சேர்ந்து தண்ணி விடும், ஆவி போக எடம் இல்லாம நடுவுலயே மாட்டிக்கும், மறுபடி அந்தப் பால் மாதிரி தண்ணி. ரெண்டு ஈடு போடுறதுக்கு மொத்தமா ஆறு நிமிஷம்தான் ஆகுது, வாணலியில வத்த விடுறதுக்கு பத்து நிமிஷம் ஆச்சுன்னு மேல சொன்னேன்ல.

இப்போ ஒரே ஒரு இறாலை மட்டும் உத்துப் பாருங்க. போட்டதும் சர்ர்ருன்னு ஒரு கூர்மையான சத்தம் வரும், அந்தச் சத்தம் கொறையக்கூடாது, "தளதள"ன்னு மாறினா தண்ணி சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். தொடாதீங்க. கண்ணாடி மாதிரி சாம்பல் நெறத்துல இருந்த சதையோட அடி ஓரத்துல ஒரு ஆரஞ்சுக் கோடு தெரியும், அது மெதுவா மேல ஏறும், கூடவே வெள்ளையும் ஏறும். இந்த ஆரஞ்சு நாம சேர்த்ததில்ல, இறாலுக்குள்ளயே அஸ்டாக்சாந்தின்னு ஒரு நெறமி இருக்கு, பச்சையா இருக்கும்போது ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்குறதால நீலம் கலந்த சாம்பலா தெரியுது, சூட்டுல புரதம் குலைஞ்சதும் நெறம் விடுதலையாகி வெளிய வருது. வெள்ளை பக்கவாட்டுல பாதியைத் தாண்டி முக்காலுக்கு வரும்போது, சுமார் ஒன்றரை நிமிஷம், கரண்டியால அடியில குடுத்துப் பாருங்க, செவந்த இறால் தானாவே கல்லை விட்டு வரும், ஒட்டிக்கிச்சுன்னா இன்னும் பத்து செகண்ட் விடுங்க. திருப்புங்க. அடிப்பக்கம் பொன்னிறமா அங்கங்க பழுப்புத் திட்டோட இருக்கணும். ரெண்டாவது பக்கம் அரை நிமிஷத்துல இருந்து முக்கால் நிமிஷம், அவ்ளோ போதும், அந்தப் பக்கம் அவ்வளவா செவக்காது, பரவால்ல, ஒரு பக்கத்து செவப்பே ருசிக்கு தாராளம்.

வெந்துடுச்சான்னு முதுகுல கீறின எடத்தைப் பாருங்க, அதுதான் தடிமனான பாகம், அங்க கண்ணாடித்தன்மை போய் பால் வெள்ளையா ஆகியிருந்தா முடிஞ்சுது. உருவத்தை வச்சும் சொல்லலாம், லேசா வளைஞ்சு பாதி வட்டமா இருந்தா பக்குவம், தலையும் வாலும் தொட்டு முழு வட்டமா உருண்டுட்டா தாண்டிடுச்சு. சூட்டோட தட்டுல எடுத்து வச்சாலும் ஒரு நிமிஷம் உள்ள வேகும், மசாலாவுலயும் மறுபடி அரை நிமிஷம் இருக்கப்போகுது, அதனால நடுவுல ஒரு துளி கண்ணாடி மாதிரி தெரியும்போதே எடுத்துடுறது நல்லது. மொதல் ரெண்டு மூணு தடவை பயந்துகிட்டு கூட விட்டுடுவோம், ஒரு இறாலை அறுத்துப் பாத்துக்கங்க, ஒரு இறால் போனா போகட்டும்.

ரெண்டு ஈடும் முடிஞ்சதும் அடுப்பை நல்லா கம்மி பண்ணி, கல்லைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு சூடு எறங்க ஒரு அரை நிமிஷம் விடுங்க. ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து, பொடியா நறுக்கின பூண்டு அஞ்சாறு பல், ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை, கீறின பச்சமிளகாய் ஒண்ணு. பூண்டு வாசம் கெளம்பி ஓரம் மட்டும் மஞ்சளாகும்போது அடுப்பை அணைச்சுட்டு காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், சாதா மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், சோம்புத்தூள் ரெண்டு சிட்டிகை. பத்து செகண்ட் போதும், எண்ணெய் செக்கச்செவேல்னு மாறும், அப்போ இறாலைத் தட்டுல சேர்ந்திருக்குற சாறோட சேர்த்துக் கொட்டி ரெண்டு பெரட்டு. அந்தக் கொஞ்சம் சாறு இப்போ வரலாம், மசாலா கருகாம காப்பாத்தும். புதுசா ஒண்ணு ரெண்டா தட்டின மிளகு அரை டீஸ்பூன் கடைசியில தூவுங்க, மிளகோட வாசம் சூட்டுல சீக்கிரம் பறந்துடும், அதனால மொதல்லயே போடுறது வீண். எறக்கி வச்சப்புறம் அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சா முடிஞ்சுது.

நேரம் எப்படி ஓடுதுன்னா, வந்ததும் மொதல்ல அரிசியைக் களைஞ்சு குக்கர்ல வச்சுடுங்க, அது வேகுற நேரத்துல இறாலைத் தொடைச்சு, பூண்டு நறுக்கி, பக்கத்து அடுப்புல ஒரு ரசம். விசில் அடங்குற நேரத்துல கல்லு வைங்க. இறால் கடைசியிலதான், எல்லாரும் தட்டு எடுத்து உக்காந்தப்புறம்தான், ஏன்னா இது சுடச்சுட சாப்பிடுற பொருள். ரசம் சோத்துக்கு இதைத் தொட்டுகிட்டு சாப்பிடுறது எங்க வீட்ல நிலையா ஆயிடுச்சு, ரசத்தோட புளிப்புக்கும் இந்தப் பூண்டுக் காரத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். சப்பாத்திக்குள்ள வெங்காயத்தோட சுருட்டியும் சாப்பிடலாம். மிஞ்சினா மறுநாள் சூடு பண்ணாதீங்க, மைக்ரோவேவ்ல வச்சா நாம இவ்ளோ பாடுபட்டு காப்பாத்தின சாறெல்லாம் போயிடும், பொடியா நறுக்கி முட்டை தோசை மேல கடைசியா தூவுங்க. அப்புறம் வீட்டுக்கு யாராவது புதுசா சாப்பிட வந்தா இறால் ஒத்துக்குமான்னு கேட்டுட்டு போடுங்க, சில பேருக்கு அலர்ஜி கடுமையா இருக்கும், நல்லா வேக வச்சாலும் அந்த அலர்ஜி உண்டாக்குற புரதம் அழியாது.

தலையும் ஓடும் வீட்ல சுத்தம் பண்ணீங்கன்னா தூக்கிப் போடாதீங்க. ஒரு ஸ்பூன் எண்ணெயில செவக்க வறுத்து ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி கால் மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டினா அந்தத் தண்ணியிலயே ரசம் வைக்கலாம், ருசி எங்கயோ போகும்.

கல்லை உடனே கழுவப் போட்டுடாதீங்க. அடியில பழுப்பா ஒட்டியிருக்கு பாருங்க, பூண்டும் மிளகாயும் இறாலோட செவப்பும் எல்லாம் அதுலதான் இருக்கு. கல்லு சூடா இருக்கும்போதே ரெண்டு கரண்டி சோத்தைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை தண்ணி தெளிச்சு கரண்டியால சொரண்டிப் பெரட்டுங்க. இவ்ளோ நேரம் துணியை வச்சு ஒத்தி ஒத்தி விரட்டின தண்ணி இப்போ வேணும், அதுதான் அந்தப் பழுப்பைக் கரைச்சு சோத்துல ஏத்தும். எங்க வீட்ல அந்த ரெண்டு வாய் சட்டிச் சோத்துக்கு என் பொண்ணு தட்டோட வந்து அடுப்பு பக்கத்துலயே நிப்பா, உருட்டிக் குடுத்துட்டுத்தான் கல்லை எறக்குவேன்.